திருப்பிச் சொன்னால் உத்தரவு

அடுத்தவர் பேசுவதைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு மனிதனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. வாங்கிய எனக்கே முதல் மாதம் நம்பிக்கை வரவில்லை. ரேஷன் கடை, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எங்காவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாள் முழுக்க ஊரார் புலம்பலைக் காதில் வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். ஒரே வித்தியாசம், நீங்கள் நடுவில் கொட்டாவி விட்டிருப்பீர்கள், "சரி சரி, புரியுது, அடுத்த ஆள் வா" என்று கத்தியிருப்பீர்கள். எனக்கு அந்த இரண்டு சுகமும் கிடையாது.

எழுபதுகளின் பின்பாதி. போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கேயே டாலிகஞ்சில் வாடகை வீடு. மெட்ராஸில் ஏதோ பயிற்சி, ஓர் ஆளை அனுப்புங்கள் என்று காகிதம் வந்தது. யார் இல்லாவிட்டால் வேலை கெடாது என்று ஆபீஸில் யோசித்தார்கள். அதிகம் யோசிக்கவில்லை, அன்று மாலையே என் பெயரை எழுதிவிட்டார்கள்.

ஒன்றரை மாதப் பயிற்சி. கற்பித்த அம்மையார் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், காற்றுக்கே வலிக்காத குரலில் பேசுவார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் அவனுக்கு என்ன வேண்டும் என்கிற அறிவு இருக்கிறது, அதை அவனே கண்டுகொள்வான், நாம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஆகவே யோசனை சொல்லாதே. தீர்ப்புச் சொல்லாதே. வந்தவர் எப்படி இருந்தாலும் மரியாதை கொடு. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல். தன் மனசு தனக்கே கேட்கும். கடைசி நாளில் ஆளுக்கொரு பக்கம் தன் சொந்தக் கொள்கையை எழுதித் தரச் சொன்னார். நான் எழுதினேன்: "மனிதன் தன் வழியைத் தானே காண்பான். நான் குறுக்கே நிற்க மாட்டேன்." அம்மையார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். அந்தப் பெருமையில்தான் நான் கெட்டுப்போனேன்.

திரும்பி வந்ததும், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பேயில் புதிதாக நட்டுக்கொண்டிருந்த பாமாயில் தோட்டத்துக்கு என்னை நலன் உதவியாளராக அனுப்பினார்கள். அறை வாசலில் ஒரு பலகை: "இங்கே ஆலோசனை வழங்கப்படும்." எனக்குத் தடை செய்யப்பட்ட ஒரே காரியம் அதுதான். மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகத் தீவில் இருந்ததால் கோபம் வந்தால் பாதி ஹிந்தி வரும். "ஆறு மாசம் பாக்கறேன். பிரயோஜனம் இல்லேன்னா போஸ்ட்டைத் தூக்கிருவேன், நீ வாபஸ் ஸ்டோருக்குப் போயிரு" என்று வரவேற்றார். நான் என் கொள்கையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

நாற்காலி மரியாதை

மேஜை நடுவில் இருந்தால் மனசு திறக்காது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேஜையைச் சுவர் ஓரம் தள்ளி, ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டேன். முதலில் வந்தவர் முத்தையா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, அங்கிருந்து இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒருவர். "வாங்க முத்தையா, உக்காருங்க" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்தார். சமத்துவம் முக்கியம் என்று நானும் தரையில் உட்கார்ந்தேன். அவர் பதறி எழுந்து நின்றார். நானும் எழுந்தேன். மறுபடியும் அவர் உட்கார, மறுபடியும் நான் உட்கார, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

ஐம்பது வயது மனிதர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என் மரியாதையில் நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து, குரலை அம்மையாரைப் போலவே தாழ்த்தி, "உங்க மனசுல என்ன இருக்குன்னு நிதானமா சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது. அவர் ஆயுசில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் அவரை நீங்க என்றதில்லை; ஒரே ஒரு தரம் சிலோனில் ஒரு துரை சொன்னார், அன்றைக்குத்தான் முத்தையாவின் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். முத்தையா கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "என்னா தப்பு செஞ்சேன்னு சொல்லிருங்கய்யா. வேலைய விட்டு நிப்பாட்டப் போறீங்கன்னா நான் நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன்."

ஜெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டி

வேலை போகவில்லை என்று புரிந்ததும், அடுத்த வாரம் முத்தையா தானாகவே வந்தார். நாற்காலியை விட்டுவிட்டுச் சுவரோரப் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, "இங்க மனசே ஒட்டலீங்கய்யா. மெயின்லேண்டுக்கே போயிரலாம்னு இருக்கு" என்றார். என்ன அருமையான வாக்கியம்! பயிற்சியில் உதாரணத்துக்குக் கொடுப்பார்களே, அதே மாதிரி. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக, "இங்க உங்களுக்கு மனசு ஒட்டல. மெயின்லேண்டுக்கே போயிரலாம்னு இருக்கு" என்று திருப்பிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "தன் மனதைத் தானே கேட்டார், தெளிந்தார்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தெளிந்தவர் வீட்டுக்குப் போய்க் கோழிகளை அக்கம்பக்கத்துக்குத் தானம் செய்திருக்கிறார். அண்டா குண்டாவைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். கப்பல் வந்த அன்று மனைவியும் டிரங்குப் பெட்டியுமாக ஜெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் எங்கே, ஆபீஸ் காகிதம் எங்கே என்று கேட்டதற்கு, வெல்ஃபேர் சாப், அதாவது நான், தன் வாயாலேயே சொல்லிவிட்டார் என்றாராம்.

ஹெட் கிளார்க் சுந்தரம் எனக்குப் புரியவைத்தார். திருநெல்வேலிக்காரர், தோட்டம் ஆரம்பித்த நாள் முதல் அங்கே இருப்பவர். "இந்த ஆபீஸ்ல மனுவ நான் வாசிப்பேன் சார். மேனேஜருக்கு இஷ்டம் இல்லேன்னா 'பாக்கலாம்'பாரு. இஷ்டம்னா, மனுவுல இருக்கத அவரு வாயால ஒரு தடவ சொல்லுவாரு. 'முத்தையாவுக்குப் பத்து நாள் சுட்டி.' முடிஞ்சுது, லீவு கெடச்சாச்சு. பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, கையெழுத்தக் காட்டி என்ன செய்ய? தான் சொன்னது அதிகாரி வாயிலேருந்து திரும்பி வந்தா அது ஹுகும், உத்தரவு." ஒன்றரை மாதப் பயிற்சியில் இந்த ஒரு பாராவை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜெட்டிக்கு ஓடிப்போய் முத்தையாவைக் கூட்டிவந்தேன். பாத்திரங்கள் திரும்பின. கோழிகளும் திரும்பின, ஒன்றைத் தவிர. அது அன்று மத்தியானமே குழம்பாகியிருந்தது. முத்தையா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "போக வேணாம்னு சொல்றதா இருந்தா, மொதல்லயே நீங்க வேற வார்த்தை பேசியிருக்கணும்யா."

மௌனத்தின் ஆழம்

பேசுகிறவர்களிடம் தோற்றுப்போன எனக்கு, பேசாதவர் ஒருவர் கிடைத்தார். பார்வதி. அவரும் சிலோன் தோட்டத்துப் பெண்தான். ஒரு சனிக்கிழமை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. எழுந்து போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மௌனம் வந்தவருடைய சொத்து, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்பது பாடம். நான் கை வைக்கவில்லை. வைத்தால் அது ஹுகும் ஆகிவிடுமோ என்ற பயமும் இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

விவரத்தைச் சுந்தரம்தான் சொன்னார். பார்வதியின் புருஷன் ஆறுமுகம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பதினைந்து நாள் சுட்டியில் மெயின்லேண்ட் போனவர். ஐந்து மாதமாகிறது. ஆளும் இல்லை, கடிதாசும் இல்லை. வேலையாட்கள் பெயர் எழுதும் மஸ்டர் ரோலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். வீடோ அவர் பெயரில் கொடுத்த தோட்டத்து வீடு. வேலையாள் இல்லாத வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. பார்வதிக்கு நோட்டீஸ் போயிருந்தது. அடுத்த மாதம் முதல் கப்பல் வந்ததும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடு அவர் ஏறிவிட வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல மழை. கூரைத் தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் நான் என்ன சொன்னாலும் கேட்காது, ஆகவே அன்று என் தொழிலைக் குறை இல்லாமல் செய்தேன். பார்வதி கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுவதும் அவர் கண் முன்னால் ஓடுகிறது, இதோ ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மழை விட்டது. அவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, முதன்முதலாக வாயைத் திறந்தார்: "இந்தத் தகரம் ஒழுகலைங்கய்யா. எங்க வீட்டுல மூணு எடத்துல ஒழுகுது."

பன்றியின் நலன்

இதற்குள் நான் முன்ஜாக்கிரதைப் பேர்வழி ஆகியிருந்தேன். யார் வந்தாலும் முதலில், "நான் சொல்றது எதுவும் ஹுகும் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். அதிகாரிகள் எல்லாக் காகிதத்திலும் தலைப்பில் ஏதோ ஒன்று எழுதுவார்கள் அல்லவா, அந்த மாதிரி என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். இதனால் என் பேச்சுக்கு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சர்க்கார் வாசனை வந்துவிட்டது.

அப்பாராவ் ஸ்ரீகாகுளத்துக்காரர், ஒரு பன்றி வளர்த்தார். பக்கத்து வீட்டுச் சின்னப்பன் தஞ்சாவூர்க்காரர், மரவள்ளி போட்டிருந்தார். கதை உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். காலையில் சின்னப்பன் வந்து, அந்தப் பன்றியைக் கட்டிப்போட வேண்டும், அவன் கட்டாவிட்டால் நானே பிடித்து என் வீட்டில் கட்டுவேன் என்றார். திருப்பிச் சொன்னேன். மத்தியானம் அப்பாராவ் வந்து, அந்த வேலி நடைபாதையில் இருக்கிறது, அதைப் பிடுங்கி எறிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று தீவு ஹிந்தியில் சொன்னார். அவருக்கும் மரியாதை குறையாமல் ஹிந்தியிலேயே திருப்பிச் சொன்னேன். யார் பக்கமும் சாயாத நடுநிலைமை என்று அன்று நோட்டில் எழுதினேன்.

சாயங்காலம் சின்னப்பன் உத்தரவுப்படி பன்றியைப் பிடித்துவந்து தன் வீட்டுப் பின்னால் கட்டினார். அதே நேரத்தில் அப்பாராவ் உத்தரவுப்படி முன்பக்கத்து வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பன்றிக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு வரிசை மரவள்ளியை முடித்துவிட்டு, வேலி இல்லாத வழியாகச் சாவகாசமாகத் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் இரண்டு பேரும் மேனேஜர் முன்னால் நின்றார்கள். இரண்டு பேர் கையிலும் என்னுடைய ஹுகும் இருந்தது. அடுத்த புகார் வந்தால் ஆறு மாதமெல்லாம் கிடையாது, அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் கதவு வரை போனதும் மறுபடி கூப்பிட்டார்: "அரே பாபா, இந்தத் தோட்டத்துல குஷியா இருக்கற ஒரே ஜீவன் அந்தப் பன்னிதான். உன் வெல்ஃபேர் அதுக்கு மட்டும்தான் போய்ச் சேந்திருக்கு."

நான் வாய் திறந்த நாள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஹட் பே பிடித்துப்போயிருந்தது. போர்ட் பிளேரில் பக்கத்து மேஜைக்காரனுக்கே என் முழுப் பெயர் தெரியாது. இங்கே நான் தெருவில் நடந்தால் நாலு பேர், "சாப், சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். என்னால் கோழி இழந்த முத்தையாகூடக் கேட்டார். ஆகவே இனிமேல் வாயைத் திறப்பதில்லை, யார் என்ன சொன்னாலும் "ம்" என்று மட்டும் சொல்லி மிச்ச நாளை ஓட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "ம்" என்ற உத்தரவை வைத்துக்கொண்டு யாரும் வேலியைப் பிடுங்க முடியாது.

கப்பல் வர நாலு நாள் இருக்கும்போது பார்வதி வந்தார். அன்று சம்பள நாள். வராந்தா முழுக்க ஆள். உள்ளே மூலையில் சுந்தரம் மஸ்டர் ரோலோடு உட்கார்ந்திருந்தார். பார்வதி பெஞ்சில் உட்காரவில்லை. நான் எதிரே போட்டிருந்தேனே, யாருமே உட்காராத அந்த நாற்காலி, அதில் போய் உட்கார்ந்தார். வராந்தாவில் சத்தம் அடங்கியது.

"நான் போக மாட்டேங்கய்யா" என்றார். "மெயின்லேண்டுங்கிறாங்க. அங்க எனக்கு யாரு இருக்கா? கேம்புல இருபது நாளு கெடந்தேன், அம்புட்டுதான் எனக்கும் அதுக்கும். அவரு வருவாரோ வர மாட்டாரோ எனக்குத் தெரியாது. காத்துக்கிட்டு இருக்கவும் ஏலாது. நான் நர்சரியில கன்னு பையில மண்ணு ரொப்பத் தெரிஞ்சவ. என் பேருல வேலை எழுதுங்க. அந்த வீட்டுல நானும் புள்ளையும் இருக்கோம்."

மூன்று சனிக்கிழமை மௌனத்தில் இவ்வளவும் இருந்திருக்கிறது, நான் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. சுந்தரம் தலையை இடமும் வலமும் ஆட்டினார், வேண்டாம் சார், "ம்" சொல்லுங்க என்று. வராந்தாவில் நாற்பது பேர் என் வாயையே பார்த்தார்கள். திருப்பிச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அன்று யாரும் இல்லை. எழுந்து நின்றேன், வராந்தாக் கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன். "பார்வதி போக மாட்டாங்க. நர்சரியில பார்வதி பேருல வேலை. அந்த வீட்டுல பார்வதியும் புள்ளையும் இருப்பாங்க."

பார்வதி கும்பிடவில்லை, அழவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு எழுந்து போனார். வராந்தாவில் மறுபடி பேச்சு ஆரம்பித்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுந்தரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்: "சார், ஒரு சந்தேகம். இப்ப நீங்க திருப்பிச் சொன்னீகளா, இல்ல ஹுகும் போட்டீகளா?"

மேனேஜரிடம் ஒரு கொள்கை விளக்கம்

மேனேஜர் கூப்பிட்டு அனுப்ப ஒரு நாள்கூட ஆகவில்லை. அவருடைய மேஜையில் மஸ்டர் ரோல் விரித்துக் கிடந்தது. நர்சரிப் பக்கத்தில், கடைசி வரியில், சுந்தரத்தின் குண்டுக் கையெழுத்தில் பார்வதியின் பெயர். விதி என்றால் கடவுள் என்று நினைக்கிற சுந்தரம், என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் எழுதியிருக்கிறார். ஏன் எழுதினாய் என்று கேட்டதற்கு, நாற்பது பேர் கேட்க அதிகாரி வாயால் சொன்னபிறகு எழுதாமல் இருப்பது ஆபீஸ் வழக்கம் இல்லை என்று சொன்னாராம்.

"நீ ஹுகும் போட்டியா?" என்று மேனேஜர் கேட்டார். இதைவிடச் சுலபமான கேள்வி யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை சார், அந்த அம்மா சொன்னதைத் திருப்பித்தான் சொன்னேன், மெட்ராஸில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். நோட்டு இருக்கிறது, சர்டிபிகேட் இருக்கிறது, கண்ணாடிக்கு அடியில் கொள்கை இருக்கிறது. மேனேஜரே அந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. "ஆமா சார். போட்டேன்" என்றேன்.

"உனக்கு அதிகாரம் இருக்கா?" "இல்லை சார்." "தெரிஞ்சே போட்டியா?" "தெரிஞ்சேதான் சார்." குறுக்கே நிற்க மாட்டேன் என்று எழுதி வகுப்பில் கைதட்டல் வாங்கியவன், அந்த வீட்டு வாசலுக்குக் குறுக்கே இப்படியாகப் போய் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் ஹிந்தியில் பேசினார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. பிறகு நர்சரியில் கன்றுகள் கை போதாமல் காய்வதையும், ஏறிய பெயரை எடுக்க வேண்டுமானால் காரணம் எழுதி போர்ட் பிளேருக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும் என்பதையும், பதில் இன்னொரு கப்பலில் வர வேண்டும் என்பதையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் திருப்பிச் சொல்லவில்லை. மஸ்டர் ரோலை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொரு காகிதத்தை இழுத்தார்: "அவ பேரை எடுக்க ஆறு மாசமாவது ஆகும், தேக்கா ஜாயேகா, அப்பப் பாத்துக்கலாம். உன் பேரை எடுக்க ஒரு கையெழுத்து போதும்."

உப்புக் காற்று

அதே கப்பலில் நான் ஏறினேன். பார்வதிக்காகக் குறித்து வைத்திருந்த கப்பல், ஆள்தான் மாறிவிட்டது. ஜெட்டியில் என் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் பார்வதி வருவது தெரிந்தது. வழியனுப்ப வருகிறார் என்று நினைத்துக் கலங்கிப்போனேன். நீங்களும் அப்படி நினைத்திருந்தால் என்னைப் போலவே ஏமாந்த பேர்வழிதான். கப்பலில் நர்சரிக்குப் பாலிதீன் பைக்கட்டுகள் வந்திருந்தன. அதை இறக்கத்தான் நாலு பேரோடு அவரையும் அனுப்பியிருந்தார்கள்.

ஒரு பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்து நின்றார். ஐந்து மாதமாக எல்லோரையும் மனசில் இருப்பதைச் சொல்லுங்க, சொல்லுங்க என்று பிடுங்கியவன், அன்றுதான் முதல் தடவையாக என் மனசில் இருந்ததைச் சொன்னேன். "எனக்குப் போகப் பிடிக்கலம்மா."

பார்வதி பைக்கட்டை இறக்கிக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஒங்களுக்குப் போகப் பிடிக்கல" என்றார்.

நான் காத்திருந்தேன். இதற்கு மேல் ஏதாவது வரும், எல்லாம் சரியாகிவிடும் ஐயா, கடவுள் இருக்கிறார், போர்ட் பிளேரில் மீனாவது நல்லதாகக் கிடைக்கும், இப்படி எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஜெட்டித் தூணில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அவர் நகரவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. போகப் பிடிக்கவில்லை என்று வருத்தப்பட எனக்கு அனுமதி கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. முத்தையா அன்றைக்கு ஏன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார் என்று அப்போது தெரிந்தது. அவர் ஒன்றும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. கோழிகளை மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார்.

"கண்ணுல உப்புக் காத்து பட்டுருச்சு" என்றேன். "உப்புக் காத்து பட்டுருச்சு" என்றார் பார்வதி, சிரிக்காமல். கப்பல் சங்கு ஊதியது. அவர் குனிந்து கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு அடி நடந்து, ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பிச் சொன்னார்: "ஒழுகுன மூணு எடத்துல ரெண்ட அடைச்சிட்டேங்கய்யா."

ஓய்வு பெறும்வரை போர்ட் பிளேர் ஸ்டோரில் சிமெண்ட் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூட்டைகள் மனம் விட்டுப் பேசுவதில்லை என்பதால் அங்கே என் பேரில் ஒரு புகாரும் வந்ததில்லை.